பால்டிக் கடலின் களிமண் கணக்கு

பனியுகத்தின் முடிவிலிருந்து இன்றுவரை பால்டிக் கடல் இரண்டு முறை நன்னீர் ஏரியாக இருந்திருக்கிறது. ஏரி, கடல், மறுபடி ஏரி, மறுபடி கடல். இந்த வரிசையைக் காட்டிக்கொடுத்தது அடியில் படிந்திருக்கும் களிமண். 2013-ல் சர்வதேசக் கடலடித் துளைத் திட்டத்தின் கப்பல் ஒன்று, பால்டிக்கின் மிக ஆழமான லாண்ட்சோர்ட் பள்ளம் (459 மீட்டர்) உட்படப் பல இடங்களில் குழாய் இறக்கி மண்தூண்களை எடுத்தது.

தூணின் கீழ்ப்பகுதியில் வரிவரியான களி. கோடையில் பனிப்பாளம் உருகி ஓடும்போது வெளிறிய வண்டல் படியும்; குளிர்காலத்தில் ஏரி உறைந்து நீர் அசையாதபோது நுண்ணிய கருங்களி மெல்ல இறங்கும். ஆண்டுக்கு ஒரு ஜோடி. மர வளையங்களைப் போல இவற்றை எண்ணலாம் என்று 1878-லேயே ஸ்வீடன் புவியியலாளர் ஜெரார்டு டி கீருக்குத் தோன்றியது. 1905 கோடையில் மாணவர்களைத் திரட்டி, தரையாகிவிட்ட பழைய அடிமட்டத்தில் வெட்டிய களிமண் முகப்புகளை எண்ண வைத்தார். ரேடியோகார்பன் முறை வருவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பனி பின்வாங்கியதற்கு ஆண்டுக்கணக்கு தயாராகிவிட்டது. மண்வெட்டியும் காகிதச் சுருளும் கொண்டு நடந்த இந்த வேலைக்கு ஈடாக இத்துறையில் இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன், நடு ஸ்வீடனில் பில்லிங்கன் குன்றருகே பனி அணை விலகியது. பெருங்கடலைவிட ஏறக்குறைய 25 மீட்டர் உயரத்தில் தேங்கியிருந்த ஏரி ஓரிரு ஆண்டுகளில் வடிந்தது. தெற்கே ஹானோ விரிகுடாவில் இன்று நீருக்கடியில் கிடக்கும் பைன் அடிமரங்கள், நீர் தாழ்ந்திருந்த காலத்தில் காய்ந்த தரையில் வளர்ந்தவை. பிறகு உப்புநீர் சிறிது காலம் உள்ளே வந்தது. உப்பு பட்டால் களித்துகள்கள் திரண்டு சட்டென்று அமிழ்ந்துவிடும், வரிகள் கலங்கிப்போகும். அந்தக் கலக்கமே ஒரு தடயம். யோல்டியா என்ற குளிர்க்கடல் சிப்பியும் அங்கே கிடைப்பதால் சந்தேகம் தீர்ந்தது.

பனிச்சுமை இறங்கியதும் தரை எழுந்து கடல்வாயிலை மூடியது. சுமார் 10,700 ஆண்டுகளுக்கு முன் மறுபடி ஏரி. படிவில் ஆன்சிலஸ் என்ற நன்னீர் நத்தை. உலகெங்கும் பனி உருகிப் பெருங்கடல் உயர, டென்மார்க் நீரிணைகள் வழியே உப்பு மீண்டும் புகுந்தது. அதுதான் லிட்டோரினா என்ற கடல்நத்தையின் காலம். களியும் பச்சை கலந்த கரிமச் சேறாக மாறுகிறது. ஓடு கிடைக்காத இடத்தில் டயாட்டம் பாசிகளின் சிலிக்கா கூடுகளை நுண்ணோக்கியில் பார்த்து, உப்புநீர் இனமா நன்னீர் இனமா என்று பிரிக்கிறார்கள்.

கரை இடம் மாறியது நீர் ஏறி இறங்கியதாலா, தரை எழுந்ததாலா? வெப்பமானியால் நாம் அறிந்த ஆண்டர்ஸ் செல்சியஸ், 1731-ல் காவ்லே ஊருக்கு அருகே ஒரு பாறையில் நீர்மட்டக் கோடு வெட்டினார். கடல்நீர் குறைந்துவருகிறது என்பது அவர் முடிவு. பனிப்பாளம் ஒன்று இருந்ததே அன்று யாருக்கும் தெரியாதே! கடலடிக் களி தனியாக இதற்குப் பதில் சொல்லாது. கரையோரச் சிற்றேரிகளின் சேற்றில் உப்பு நின்று நன்னீர் தொடங்கும் மட்டத்தின் வயதையும், அந்த ஏரி இன்று இருக்கும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கரை எப்போது எங்கே இருந்தது என்று பிடிபடும்.

போத்னியா வளைகுடாவின் வடபகுதியில் தரை இன்னும் ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் எழுகிறது. ஆழமற்ற குவார்க்கன் நீரிணை இப்படியே போனால் சில ஆயிரம் ஆண்டுகளில் மூடிக்கொள்ளும். அதற்கு வடக்கே மூன்றாவது முறையாக ஓர் ஏரி உருவாகும். கடல்மட்டம் இப்போதைய வேகத்தைவிடக் கூடுதலாக உயர்ந்தால் அந்தக் கணக்கு தள்ளிப்போகும்.