ஜிம்ல பார்க்கும் எல்-கார்னிடைன், மாரடைப்பில் தடுமாறும் இதயத் துடிப்பைச் சரிசெய்யுமா?

தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கம் ஜிம் போறவங்களுக்கு எல்-கார்னிடைன் புதுசு இல்ல. 'ஃபேட் பர்னர்' என்ற பெயரில் சப்ளிமென்ட் கடைகளில் கிடைக்கிறது. இதே பொருளை மாரடைப்பு நோயாளிகளுக்கும் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஏன்? முடிவு என்ன?

கார்னிடைன் என்ன செய்யுது?

இதயம் தனக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கும் மேல் கொழுப்பிலிருந்துதான் எடுக்கிறது. அந்தக் கொழுப்பு அமிலங்களை செல்லின் 'பவர் ஹவுஸ்' ஆன மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிச் செல்லும் வண்டிதான் கார்னிடைன். இதை உடலே தயாரிக்கும். இறைச்சி, பாலிலும் உண்டு.

ஆக்சிஜன் நின்றால்?

ரத்தக்குழாய் அடைபட்டால் கொழுப்பு எரிவது தடைபடும். வண்டியில் ஏறிய சரக்கு இறங்க வழியில்லை. கார்னிடைனோடு ஒட்டிய கொழுப்பு அமிலங்கள் குவிந்து, செல் சவ்வில் படிந்து, சோடியம், கால்சியம் போக்குவரத்தைக் குழப்பும். மின் சமிக்ஞை தடுமாறும். துடிப்பு தாறுமாறாகும். இதுதான் அரித்மியா. கூடுதல் கார்னிடைன் கொடுத்தால் இந்தத் தேக்கம் குறையும் என்பதுதான் ஆய்வாளர்களின் கணக்கு.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

1996-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 101 பேர் பங்கேற்றனர். 28 நாள், தினம் 2 கிராம் கார்னிடைன் எடுத்தவர்களில் 13.7% பேருக்கும், டம்மி மருந்து எடுத்தவர்களில் 28% பேருக்கும் அரித்மியா வந்தது. 2013-ல் 13 ஆய்வுகளை, 3,629 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த அலசலில், வென்ட்ரிகுலர் அரித்மியா 65% குறைந்திருந்தது.

சூப்பர்தானே? அவசரப்படாதீங்க. 2006-ல் வெளியான, 2,330 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வில், 6 மாத முடிவில் மரணம், இதயச் செயலிழப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நல்ல செய்தி சொன்னவற்றில் பல, சின்ன ஆய்வுகள்.

இன்னொரு பக்கமும் இருக்கு. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் கார்னிடைனை உடைக்கும்போது உருவாகும் பொருளை கல்லீரல் டிஎம்ஏஓ-வாக மாற்றுகிறது. இதற்கும் ரத்தக்குழாய் அடைப்புக்கும் தொடர்பு இருப்பதாக 2013-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது.

அப்போ என்ன செய்யணும்?

தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையம் வருபவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் கொடுத்துவிட்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பட்டியலில் கார்னிடைன் இல்லை.

நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் 'கேஸ்தான்' என்று சமாளிக்காமல் 108-ஐ அழையுங்கள். ஏற்கெனவே இதயப் பிரச்சினை உள்ளவங்க, மாத்திரை சாப்பிடுறவங்க, எல்-கார்னிடைன் தொடங்கும் முன் டிரெய்னரை அல்ல, டாக்டரைக் கேளுங்கள்.