பாட்டிக்குத் தாளம் மறக்கவில்லை

"சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டால், கைகழுவிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, "இன்னும் இல்லையே" என்பார். அதே பாட்டி, பழைய பாட்டு கேட்டதும் கைதட்டிக் கும்மியடிப்பார், தாளம் பிசகாது. "அம்மா வேண்டுமென்றே நடிக்கிறார்" என்று கோபப்படும் பிள்ளைகள் உண்டு. நடிப்பில்லை, நேயர்களே!

முதுமை மறதிநோய்களில் அதிகம் காணப்படுவது அல்ஸைமர். அது பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை முதலில் தாக்குகிறது. பூக்கட்டுவது, ஆடுவது போலப் பழகிப் பழகி உடம்பில் ஊறியவற்றைக் காப்பவை மூளையின் வேறு பகுதிகள். அவை பிந்தியே பாதிக்கப்படுகின்றன. 2020ல் உலகெங்கும் பரவிய காணொளி நினைவிருக்கும். ஸ்பெயினில் அல்ஸைமர் நோயுடன் சக்கரநாற்காலியில் இருந்த முன்னாள் பாலே நடனமணி மார்த்தா கொன்சாலெஸ், சைக்கோவ்ஸ்கியின் 'சுவான் லேக்' இசை கேட்டதும் கைகளைச் சிறகுகளாக விரித்தார்.

நடனம் நோயைக் குணமாக்காது. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைக் கவனித்து 2003ல் வெளியான ஆய்வில், அடிக்கடி நடனமாடியோருக்கு மறதிநோய் குறைவாகவே வந்தது. ஆடியதால் வரவில்லையா, நலமாக இருந்ததால் ஆட முடிந்ததா என்பதை அந்த ஆய்வு மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 8.8 விழுக்காட்டினருக்கு மறதிநோய் உள்ளது. வீட்டில் நாம் செய்வதென்ன? விழுந்துவிடுவார் என்று பயந்து நாள் முழுக்க உட்காரவைக்கிறோம். கால் தசை தளர்கிறது. விழும் ஆபத்து கூடுகிறது.

அவர் அசைவும் ஒரு பேச்சுதான். வாசலில் கிடக்கும் கறுப்புக் கால்மிதி அவர் கண்ணுக்குக் குழியாகத் தோன்றலாம். தயங்கி நின்றால் "பிடிவாதம்" என்கிறோம், பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுக்கிறோம். மிரளாமல் என்ன செய்வார்? எதிரே வந்து, முகம் பார்த்து, ஆட அழைப்பதுபோல் கையை நீட்டிக் காத்திருங்கள். அவர் அசைவதைப் போலவே நீங்களும் அசையுங்கள். நிற்க முடியாதவருக்கு உறுதியான நாற்காலி போதும்.

முதியவர் என்றாலே பக்திப் பாடல்தான் போடவேண்டுமா? இன்று 80 வயதானவர் இளமையில் கேட்டது 1960களின் எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. கம்பத்தில் ஜோகெட் ஆடியவராகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். இரண்டு சத்தம் சேர்ந்தால் குழம்பிப்போவார். ஆகவே தொலைக்காட்சியை அணைத்துவிட்டு (அதில் வேலை பார்க்கும் நானே சொல்கிறேன்) பாட்டைப் போடுங்கள்.