ராசா காலத்துக் கத்தி

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, இன்று கத்தி என்பது வேலைச் சாமான். விறகுக்கும் வேலிக்கும் வெட்டுக்கத்தி, வயலுக்குத் தாக்கத்தி. தாக்கத்தியின் வேலையில் பெரும்பகுதியை வெட்டு மெசின் எடுத்துக்கொண்டது. கொல்லனின் உலையில் காய்வது பெரும்பாலும் பழைய லொறியின் வில்லுத்தகடு. அதில் பூவேலை செய்யச் சொல்வார் யாருமில்லை.

1602 மே மாதக் கடைசியில் ஒல்லாந்துக் கப்பற்தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இந்தக் கரையில்தான் வந்து இறங்கினார். கண்டியரசன் முதலாம் விமலதர்மசூரியனைக் காண அவருக்கு இதுவே வாசல். அந்தக் கண்டியின் பிரதானிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இடுப்புக் கச்சையில் செருகியிருந்த கத்திக்குச் சிங்களத்தில் பிஹா கெத்த என்று பெயர். சண்டைக்குப் போகிறவன் அதை நம்பியிருக்க மாட்டான். அதைக் கண்டவன் ஒதுங்கி வழிவிட்டிருப்பான்.

அலகு கனத்தது, ஒரு பக்கம்தான் கூர். முதுகு ஏறக்குறைய நேராக ஓட, கூர்ப்பக்கம் வயிறு தள்ளி வளையும். அலகின் அடியில் வெள்ளியோ பித்தளையோ பதித்து, அதில் சுருள் சுருளாகக் கொடிவேலை. பிடி தந்தம், கொம்பு, சிலவேளை கறுப்புப் பவளம். எனக்குப் பிடித்தது உறைதான். சில உறைகளில் கத்திக்குப் பக்கத்திலேயே எழுத்தாணிக்கும் ஓர் இடம் இருக்கும். வைத்திருந்தவர் ஓலையோடு பழகியவர் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நல்ல கத்திகள் அரச பட்டறைகளில் பிறந்தவை. அவற்றின் வேலைப்பாட்டை ஆனந்த குமாரசுவாமி 1908இல் தமது நூலில் விரிவாக எழுதிவைத்தார். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனதும் பட்டறைகளுக்குப் படியளக்க அரசன் இல்லை. பிறகு வெள்ளைக்கார வாடிக்கையாளருக்கென்று செய்த பலவற்றில் தகடு மெலிந்தது, கொடியின் ஆழம் குறைந்தது.

அதே 1815 இன்று சட்டத்திலும் நிற்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முந்தியதென நியாயமாக நம்பத்தக்க ஆயுதம் தொல்பொருள். அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அன்று கத்தியைப் பார்த்து ஆளின் பதவியை அறிந்தார்கள். இன்று அதன் வயதைத்தான் கேட்கிறோம். விற்பவர் எல்லாவற்றையும் ‘ராசா காலத்துக் கத்தி’ என்பார். எந்த ராசா என்று கேட்டால் பேச்சு மாறும்.

கொக்கேசியக் குத்துவாளான கிஞ்சாலுக்கு இந்த வயதுத் தொல்லை கொஞ்சம் குறைவு. ரஷ்ய ஆட்சிக்கால வெள்ளிப் பூண்களில் ‘84’ என்ற தர முத்திரை இருக்கும். 1899இலிருந்து அதோடு தலையணி அணிந்த ஒரு பெண்முகமும் சேர்ந்தது. முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தால் 1908 வரை, வலப்பக்கமென்றால் அதற்குப் பின். அதுவும் பூணின் வயதுதான். அலகு பாட்டன் காலத்தது, பூண் பேரன் போட்டது என்பது அங்கே சாதாரணம். நம் கத்திகளில் அப்படியொரு முத்திரைமுறை இல்லை. அலகும் பிடியும் உறையும் ஒரே வயதா என்று தனித்தனியே பார்க்கவேண்டும்: தீட்டித் தேய்ந்த அலகில் தேயாத புதுத் தகடு இருந்தால் சந்தேகம் வரத்தான் வேண்டும்.

உறுதியான சாட்சி கடதாசிதான். 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடி அள்ளிப்போன பொருள்களில் ஒரு பொற்கத்தியும் உண்டு. பழைய பதிவுகளைத் துருவிய ஆய்வுக்குப் பிறகே, 2023இல், பீரங்கியோடும் வாள்களோடும் அது கொழும்புக்குத் திரும்பியது. அந்தச் சூறையாடலுக்கு அடுத்த ஆண்டு எழுதிய உடன்படிக்கையில்தான் மட்டக்களப்பு உட்படக் கரை முழுவதன் மீதும் கண்டி உரிமை இழந்தது.

வாவிக்கரை வீடொன்றின் பெட்டகத்தில் இப்படியொரு கத்தி கிடந்தால் அதற்குக் கடதாசி எங்கே இருக்கப்போகிறது? தகட்டின் தேய்மானமும், கொடியின் பள்ளத்தில் படிந்த கறுப்பும்தான் சாட்சி. ஆகவே ஆர்வத்தில் பழப்புளி போட்டோ தேசிக்காய் தேய்த்தோ விளக்கிவிடாதீர்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்து, யாரிடமிருந்து வந்தது என்பதை வீட்டில் மூத்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு தொல்பொருள் திணைக்களத்தில் காட்டலாம்.