கடைமடைக்கும் செய்தி சென்றடைய

கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் கணினிகளை இணைக்கும் எர்நெட் திட்டத்தை மத்திய அரசின் மின்னணுத் துறை 1986-ஆம் ஆண்டில் தொடங்கியது. நகரங்களை இணைத்த அதன் தொடக்ககாலத் தொடர்கள் விநாடிக்கு 9,600 பிட்டுகளையே கொண்டு சென்றன. எழுத்துக்கு 8 பிட் வீதம், பத்து லட்சம் எழுத்துக்கள் கொண்ட கோப்பு ஒன்றை அத்தகைய தொடரில் அனுப்ப ஏறத்தாழ 14 நிமிடங்கள் ஆகும். வந்த வரிசைப்படியே அனுப்பினால், அதன் பின்னால் நிற்கும் சிறு கடிதமும் அத்தனை நேரம் காத்திருக்க வேண்டும்.

2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டம், ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கு விநாடிக்கு 100 மெகாபிட் அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. இது முந்தையதைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் அதிகம். ஆயினும் தேவையும் உடன் வளர்ந்துள்ளது. கால்வாயை அகலப்படுத்தினால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் சென்றுவிடாது. முறை வைத்துப் பங்கிடுதலும் வேண்டும்.

சேவைகளின் இயல்பு ஒரே தன்மையதன்று. தொலைபேசி உரையாடலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் போதும். ஆனால் குரல் மறுமுனையை அடைய 150 மில்லி விநாடிக்கு மேல் தாமதித்தால் பேச்சு தடுமாறத் தொடங்கும். கோப்புகளோ சில நிமிடத் தாமதத்தையும் பொறுக்கும். ஆனால் கிடைக்கும் இடம் முழுவதையும் நிரப்பிவிடும்.

10 மெகாபிட் தொடர் ஒன்றில் நியாயவிலைக் கடைக்கு 1, பள்ளிக்கு 4, பொதுப் பயன்பாட்டிற்கு 8 மெகாபிட் தேவை எனக் கொள்வோம். மொத்தத் தேவை 13. சமபங்கு மூன்றேகாலுக்குச் சற்று அதிகம். கடை தனக்கு வேண்டிய 1 மெகாபிட்டைப் பெறுகிறது. எஞ்சிய 9-ஐ இருவருக்குப் பங்கிட்டால் தலைக்கு நாலரை; பள்ளிக்கு 4 போதுமாகையால், மீதி 5 பொதுப் பயன்பாட்டைச் சேர்கிறது. சிறு தேவைகள் முழுமையாக நிறைவேறுகின்றன; பெருந்தேவையே குறைவை ஏற்கிறது. பள்ளி மூடியிருக்கும் வேளையில் அதன் பங்கும் வீணாவதில்லை.

மருத்துவ ஆலோசனை போன்ற அவசரச் சேவைகளுக்கு முன்னுரிமை அளிக்கலாம். ஆனால் அதற்கும் உச்சவரம்பு தேவை. இன்றேல் முன்னுரிமை பெற்றவையே தொடர் முழுவதையும் கைப்பற்றிவிடும்.

2018-இல் மத்திய அரசு ஏற்ற இணையச் சமநிலைக் கொள்கை, உள்ளடக்கத்தின் அடிப்படையில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது; நெரிசலைச் சீர்செய்யும் நியாயமான நடவடிக்கைகளை அனுமதிக்கிறது. தேவையின் இயல்பறிந்து பங்கிடுவது வேறு, பணம் படைத்தோருக்கு வழிவிடுவது வேறு. இவ்வேறுபாடு காக்கப்பட்டால்தான் நாட்டின் முதலீட்டுப் பயன் கடைசிக் கிராமத்தையும் எட்டும்.