ரொட்டிக்கு மேல் ஓர் உயிருள்ள படலம்

அடுப்பில் வெந்து வெளியே வரும் ரொட்டியில் குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா மிஞ்சுவதில்லை. நம் இட்லியும் அப்படித்தான். மாவைப் புளிக்கவைத்த பாக்டீரியாக்கள் ஆவியில் மடிந்துவிடுகின்றன. சுவையும் மென்மையும்தான் மிச்சம். அதனால்தான் புரோபயாடிக் எனப்படும் இந்த நல்ல பாக்டீரியாக்கள் உயிரோடு வேண்டுமென்றாலே தயிரைத் தேடுகிறோம். ரொட்டியிலும் நறுக்கிய பழத்திலும் அவற்றை ஏற்ற ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: உணவோடு சேர்த்தே தின்றுவிடக்கூடிய மெல்லிய படலம்.

ஜெலட்டின், மாவுச்சத்து, பால் புரதம், ஆல்ஜினேட் போன்றவற்றால் ஆனது இது. ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியில் கிடைக்கிறது; மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்று சொல்லும் பாசியிலும் அது உண்டு. அதை நீரில் கரைத்து, படலம் விறைத்துப்போகாமலிருக்கக் கிளிசரினும், கூடவே பாக்டீரியாவும் சேர்க்கிறார்கள். பழத்துண்டை அதில் முக்கி, பிறகு கால்சியம் குளோரைடு கரைசலில் நனைத்தால், கால்சியம் ஆல்ஜினேட் இழைகளைப் பிணைத்து ஜெல்லியாக இறுக்கிவிடும். வெனிசுலா, ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2007-இல் ஆப்பிள், பப்பாளித் துண்டுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 2 டிகிரி குளிரில் 10 நாள் கழித்தும் கிராமுக்கு 10 லட்சத்துக்கு மேல் பாக்டீரியா உயிரோடிருந்தது. 100 கிராம் தின்றால் 10 கோடி. பலன் தெரிய ஒரு நாளைக்கு இவ்வளவாவது வேண்டும் என்பதே பொதுவான கணக்கு.

ரொட்டி இதைவிடக் கடினம். பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு, சுட்ட ரொட்டியின் மேல் படலக் கரைசலைப் பூசிச் சூட்டில் உலர்த்தியது. 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. உலரும்போதே ஒரு பங்கு மடிந்தது. பால் தெளிநீர்ப் புரதம் சேர்த்த படலத்தில் கூடுதலாகப் பிழைத்தன. ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செரிக்கவைத்தபோது, ஒரு துண்டில் கோடிக்கணக்கில் இருந்தவை லட்சக்கணக்காகச் சுருங்கின. படலம் கவசமல்ல, சேதத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் சூட்டையும் அமிலத்தையும் தாண்டி லட்சங்கள் தப்பியது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

இங்கேதான் பிரீபயாடிக் வருகிறது. நமக்குச் செரிக்காது, பெருங்குடல் பாக்டீரியாவுக்கோ அது சாப்பாடு. காபித்தூளில் கலக்கும் சிக்கரியின் வேரிலிருந்து எடுக்கும் இன்யூலின் அப்படிப்பட்ட நார்ச்சத்து. கட்டுச்சோறு என்று மட்டும் இதை நினைத்துவிட வேண்டாம். சில பிரீபயாடிக்குகள் படலம் உலரும்போதும் சேமிப்பிலும் பாக்டீரியா மடிவதைக் குறைப்பதை, ஜெலட்டின் படலங்களில் அதே குழு கண்டது. எல்லாம் ஒரே அளவில் உதவவில்லை.

இப்படியொரு பழப்பொட்டலம் கைக்கு வந்தால், ‘புரோபயாடிக்’ என்ற பெரிய எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்த வகை பாக்டீரியா, எந்தக் குளிரில் வைக்க வேண்டும், காலாவதி நாளன்று எத்தனை உயிரோடிருக்கும் என்று பாருங்கள். தயாரித்த அன்றைய எண்ணிக்கை நம் குடலுக்கு உதவாது. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.