காற்றுக் குழாயில் மின்சார ஹீட்டர்: பொருத்துமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கார்த்திகை பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் இரண்டு வேலைகள் தவறாமல் நடக்கும். ரசகற்பூர உருண்டைகளோடு பெட்டியில் கிடந்த ஸ்வெட்டரும் ரஜாயும் மாடி வெயிலுக்கு வரும். பரணில் இருந்த ஹீட்டர் கீழே இறங்கும். நமக்குப் பழகிவிட்ட குளிர்தான் என்றாலும், ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு இது பெரும் சோதனை. 2006 ஜனவரி 8 அன்று தலைநகரில் வெப்பநிலை 0.2 டிகிரிக்கு இறங்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் அறைக்கு ஒரு ஹீட்டர் என்பதே வழக்கம். இப்போது குர்காவ்ன், நொய்டா பக்கம் கூரைக்கு மேலே தகரக் குழாய் ஓடும் ‘டக்ட்’ ஏ.சி. வீடுகள் வந்துவிட்டன. கோடையில் குளிர்ந்த காற்று வரும் அதே குழாயில் ஒரு மின்சார ஹீட்டரைச் செருகிவிட்டால் குளிர்காலத்தில் வீடு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்குமே என்று பலரும் நினைக்கிறார்கள். மருத்துவமனைகளிலும் அரங்குகளிலும் வெகுகாலமாக இருந்து வரும் முறைதான் இது. முறையாகச் செய்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் அறையில் வைத்த ஹீட்டர் நம் கண்முன்னே இருக்கிறது. குழாய்க்குள் இருப்பது யார் கண்ணிலும் படாது. அது சிவந்து கனன்றாலும் நமக்குத் தெரியாது. ஆகவே நாம் பார்த்து அணைப்போம் என்று இராமல், தானே அணையும் ஏற்பாடு அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

காற்றுதான் காவல்

ஹீட்டரின் உள்ளே நிக்கல், குரோமியம் கலந்த உலோகக் கம்பிச் சுருள் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகும். மேலே ஓடும் காற்று அந்தச் சூட்டை எடுத்துச் சென்றுகொண்டே இருப்பதால் சுருள் அளவோடு நிற்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 18 கனமீட்டர் காற்று, அதாவது ஏ.சி.காரர்கள் சொல்லும் சுமார் 640 சி.எஃப்.எம்., 6 கிலோவாட் ஹீட்டரைக் கடந்தால் காற்றின் சூடு ஏறத்தாழ 17 டிகிரி கூடும். காற்று பாதியாகக் குறைந்தால் 33 டிகிரி கூடும். காற்றே நின்றுவிட்டால் சூடு போக வழியில்லை. சுருள் பழுக்கக் காய்ந்து, அருகில் உள்ள தூசி, ரப்பர், பஞ்சு எல்லாவற்றையும் பற்றவைக்கும்.

எனவே முதல் விதி: விசிறி ஓடாவிட்டால் ஹீட்டர் எரியக் கூடாது. இதற்கு விசிறியின் சுவிட்சையும் ஹீட்டரின் கான்டாக்டரையும் பிணைத்துவிட்டால் மட்டும் போதாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட் அறுந்துபோகலாம். குழாயில் காற்று உண்மையாகவே ஓடுகிறதா என்று பார்க்கும் காற்றோட்ட சுவிட்சும் வேண்டும்.

இரண்டாவது விதி: சூடு மீறினால் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் இரண்டு வேண்டும். ஒன்று, சூடு தணிந்ததும் தானே மீண்டும் இணைக்கும். மற்றது, ஒருமுறை துண்டித்தால் ஒருவர் வந்து கையால் பித்தானை அழுத்தும்வரை இணைக்காது. இந்த இரண்டாவது அடிக்கடி விழுகிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள். “தொந்தரவாக இருக்கிறது” என்று அதை ஒயர் போட்டுத் தாண்டிவிடும் மிஸ்திரிகள் உண்டு. அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாவது: ஹீட்டரை அணைத்த பிறகும் விசிறி இரண்டு மூன்று நிமிடம் ஓடி, சுருளில் மிஞ்சிய சூட்டை வெளியேற்ற வேண்டும். இதற்கு ஒரு டைமர் போதும்.

ஒரு ஃபேஸ் போனால்?

நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது இது. மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒன்று மட்டும் போய்விடும். விசிறி அந்த ஃபேஸில் இருந்தால் நின்றுவிடும். ஹீட்டரின் சுருள்கள் மூன்று ஃபேஸிலும் பிரிந்திருந்தால், மிச்சம் இரண்டும் காற்றில்லாமல் எரிந்துகொண்டே இருக்கும். 6 கிலோவாட்டில் 4 கிலோவாட் மூடிய தகரப் பெட்டிக்குள்!

ஹீட்டரின் கான்டாக்டருக்கு மின்சாரம் விசிறியின் ஃபேஸிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். அப்போது விசிறி போனால் கான்டாக்டரும் விழும். மேற்சொன்ன காற்றோட்ட சுவிட்ச் இதற்கும் இரண்டாவது காவல். ஃபேஸ் போனதும் ஃப்யூஸை மாற்றிச் செருகி ‘வேறு ஃபேஸில் போட்டுக்கொள்வது’ பல வீடுகளில் பழக்கம். டக்ட் ஹீட்டர் உள்ள வீட்டில் அந்தப் பழக்கம் கூடாது.

குழாயும் ஒயரும்

ஹீட்டர் இருக்கும் பகுதியில் குழாய் ஜி.ஐ. தகரமாகவே இருக்க வேண்டும். வளையும் பிளாஸ்டிக் குழாய், தெர்மோகோல், ஃபோம் எதுவும் அருகில் ஆகாது. உறை வேண்டுமானால் தீப்பிடிக்காத ராக்வுல் போன்றது போடலாம். விசிறிக்கும் வளைவுக்கும் ஒட்டினாற்போல ஹீட்டரை வைத்தால் காற்று ஒரு பக்கமாகவே ஓடும். மறுபக்கச் சுருள் காய்ந்து போகும். பொதுவாக 4 அடியாவது தள்ளி வைக்கச் சொல்வார்கள். தயாரிப்பாளர் தரும் குறிப்பில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். பின்னால் திறந்து பார்த்துச் சுத்தம் செய்ய ஒரு கதவும் வைக்கச் சொல்லுங்கள். கூரையை மூடிய பிறகு அதை உடைக்க யாருக்கும் மனம் வராது.

சாதாரண 2 கிலோவாட் ஹீட்டரே 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 கிலோவாட் ஒரே ஃபேஸில் என்றால் 26 ஆம்பியர். இதற்குத் தனி ஒயர், தனி எம்.சி.பி., முறையான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய நான்கும் கட்டாயம். ஹீட்டர் பெட்டிக்குள் சூடு தாங்கும் ஒயர் வேண்டும். வீட்டில் போடும் சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி வரைக்கும்தான். மீட்டருக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பில்லைப் பார்த்து, போதாவிட்டால் முன்கூட்டியே உயர்த்திக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் முழுதும் சும்மா இருந்த ஹீட்டரை முதல் நாள் போடும்போது ஆர்.சி.சி.பி. விழலாம். உறையிட்ட சுருளுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுத்திருக்கும். மெக்கரால் சோதித்து உலர்த்த வேண்டுமே தவிர, ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடக் கூடாது.

தில்லித் தூசி

தில்லியில் ஹீட்டர் காலம் வருவதற்கும் காற்றில் புகையும் தூசியும் உச்சத்துக்குப் போவதற்கும் நாள் பொருந்திவிடுகிறது. அக்டோபர், நவம்பரில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் சுருள் காயும். ஆகவே தீபாவளி முடிந்த மறுவாரமே ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். குளிர்காலம் முடியும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். முதல் நாள் லேசான தூசி நாற்றம் வந்து மறையும். மறையாமல் நீடித்தால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள்.

குழாய் காற்றை மட்டுமல்ல, புகையையும் சுமக்கும். 1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் திரையரங்கில் கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்தது. புகை மேலே ஏறி, மூச்சுத் திணறி 59 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் இருந்த இடத்துக்குத் தீ வரவில்லை, புகைதான் வந்தது. நம் வீட்டுக் குழாயும் குழந்தைகள் தூங்கும் அறையில்தான் போய்த் திறக்கிறது.

மிஸ்திரி கிளம்புமுன்

“ஸப் டீக் ஹை” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்குவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஹீட்டர் ஓடும்போது விசிறியின் இணைப்பை மட்டும் அவர் துண்டிக்க வேண்டும். அந்தக் கணமே கான்டாக்டர் ‘டக்’கென்று விழ வேண்டும். இந்தி அதிகம் வராத மாமிகளும் இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: “பங்கா பந்த், தோ ஹீட்டர் பந்த். திகாயியே!” இதைச் செய்து காட்டத் தயங்குபவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வேலையை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே முறை.

செலவையும் யோசியுங்கள். 6 கிலோவாட் ஹீட்டர் நான்கு மணி நேரம் முழுதாக ஓடினால் 24 யூனிட். ‘ஹாட் அண்ட் கோல்டு’ ஏ.சி. அதே சூட்டைப் பாதி மின்சாரத்திலோ அதற்கும் குறைவாகவோ கொடுத்துவிடும். அதில் பழுக்கும் சுருளும் இல்லை. புதிதாக வீடு வாங்குகிறவர்கள் அதை முதலில் விசாரிப்பது நல்லது.

எதைப் போட்டாலும், அங்கீட்டியை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டு வராதீர்கள். கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும். மின்சார ஹீட்டருக்கு அந்தக் குற்றம் கிடையாது. காற்று ஓடட்டும், சுருள் அளவோடு காயட்டும், பாட்டி நிம்மதியாகத் தூங்கட்டும்.