சுழியோடிகளும் கரையில் நிற்போர் பேச்சும்

கடல் சூழ்ந்த குடாநாட்டில் வாழ்கிறோம். ஆனாலும் கடலுக்கடியில் என்ன நடக்கிறதென்று கேட்டால் நம்மிற் பலர் சொல்லும் பதில் சிரிப்புக்கிடமாகவே இருக்கும். சங்கு குளிப்போரையும் கடலட்டை பிடிப்போரையும் பார்த்துக் கரையில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அப்படித்தான். சிலவற்றை எடுத்துப் பார்ப்போம், சகோதரிகளே. சிரிப்போடு கொஞ்சம் விஞ்ஞானமும் கிடைக்கும்.

"குளிக்கத்தானே போனவர்? சவர்க்காரம் கொண்டு போகேல்லையோ?"

இது பழைய பகிடி. உண்மையில் 'குளித்தல்' என்ற சொல்லுக்கு மூழ்குதல் என்ற பொருள் பழந்தமிழிலேயே உண்டு. இன்று குளிப்பதென்றால் கிணற்றடிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்ற தொடர்களில் அந்தப் பழைய பொருள் அப்படியே தங்கிவிட்டது.

"ஒரு மணித்தியாலம் மூச்சடக்குவினமாம்!"

இப்படிச் சொல்பவர்களுக்குத் துணையாகப் பெரியவர்களும் இருக்கிறார்கள். 1344இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துகளைக் கண்ட இப்னு பதூதா, பாரசீக வளைகுடாவின் முத்துக் குளிப்பைப் பற்றி எழுதும்போது, சிலர் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நீருள் இருப்பர் என்கிறார். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய றொபேர்ட் பேர்சிவல், ஒருவர் ஆறு நிமிடம் இருந்ததாகச் சொல்கிறார். மன்னார்க் கடலில் கல்லின் துணையோடு இறங்கிய சுழியோடிகள் வழக்கமாக நீருள் இருந்ததோ ஏறக்குறைய ஒரு நிமிடம். மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். கரையில் காத்திருப்பவருக்கு அந்த ஒரு நிமிடமே ஒரு மணியாகத் தோன்றியிருக்கும்!

"சுறா பிடிக்காதோ?"

இந்தப் பயத்துக்கு ஒரு சம்பளமே இருந்தது. மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுபவருக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் காலத்திலும் 'கடல்கட்டி' என்ற பெயரில் இவர்கள் முத்துக் குளிப்புக்கு வந்தார்கள். சுறாவால் நேர்ந்த விபத்தோ மிக அரிது. சுழியோடிக்கு உண்மையான எதிரி பல்லில்லாதது: நீரின் அமுக்கம்.

"பப்பாசிக் குழலை வாயில வைச்சா எவ்வளவு ஆழத்துக்கும் போகலாம்"

படங்களில் கதாநாயகன் குளத்துக்குள் ஒளிந்திருந்து குழலால் மூச்சு விடுவதைப் பார்த்து வந்த யோசனை இது. ஒரு மீற்றர் ஆழத்திலேயே நீர் நெஞ்சை நெரிக்கும். மேலேயுள்ள சாதாரண காற்றை அந்த அமுக்கத்துக்கு எதிராக உள்ளே இழுக்க நெஞ்சுத் தசைகளுக்கு வலுப் போதாது. விட்ட மூச்சும் நீண்ட குழலுக்குள் நின்று, மறுபடி நமக்கே வரும். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கஞ்ஞானும் உருவாக்கிய கருவி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. சுற்றியுள்ள நீரின் அமுக்கம் எவ்வளவோ, அதே அமுக்கத்தில் அது காற்றைத் தருகிறது.

"முதுகில கிடக்கிறது ஒட்சிசன் சிலிண்டர்"

இதைச் சொல்லாதவர் குறைவு. அதில் வழக்கமாக இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுத்தான்: ஏறக்குறைய 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன். தனி ஒட்சிசனுடன் ஆறு மீற்றருக்குக் கீழே போனால் வலிப்பு வரக்கூடும். "காற்றுக்கென்ன பாரம்?" என்றும் கேட்பார்கள். நிரப்பிய சிலிண்டர் ஒன்றிலுள்ள காற்று மட்டும் இரண்டு, மூன்று கிலோ வரும்.

"மூச்சைப் பிடிச்சுக்கொண்டு டக்கெண்டு மேல வா"

இனிச் சிரிக்க முடியாத பேச்சுகள். பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பிலுள்ளதைப் போல இரு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய எடுத்த காற்று மேற்பரப்புக்கு வரும்போது இரு மடங்கு கனவளவாகும். பாடசாலையில் படித்த போயிலின் விதி இதுதான். மூச்சை அடக்கியபடி ஏறினால் நுரையீரல் கிழியலாம். மேலே எடுத்த ஒரே மூச்சோடு இறங்கும் முத்துக் குளிப்பவருக்கு இந்த ஆபத்தில்லை. சிலிண்டரோடு போகிறவருக்குத்தான் உண்டு.

"குளிரில விறைச்சுப்போச்சு, எண்ணெய் தடவிப் படு"

மேலே வந்தபின் மூட்டு நோகிறது, கால் மரக்கிறது என்றால் பலரும் சொல்வது இதைத்தான். ஆழத்தில் அமுக்கத்தால் நைதரசன் இரத்தத்திலும் இழையங்களிலும் கரைகிறது. மெல்ல ஏறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து ஏறினால், மூடி திறந்த சோடாப் போத்தல் போல உடலுக்குள் குமிழிகள் எழும். ஒரே நாளில் பல சிலிண்டர்களோடு திரும்பத் திரும்ப இறங்குவோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். குமிழி முள்ளந்தண்டைத் தாக்கினால் கால்கள் வாழ்நாள் முழுதும் இயங்காமற் போகலாம்.

"இன்னொருக்கா இறங்கினாச் சரிவரும்" என்பது அதைவிட ஆபத்தான அறிவுரை. அவரைப் படுக்கவைத்து, ஒட்சிசன் கொடுத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அமுக்க அறையில் வைத்துச் செய்யும் சிகிச்சையே இதற்கு மருந்து.

ஆக, ஒட்சிசன் சிலிண்டர் என்ற பேச்சு முழுப் பிழையுமல்ல. அது இருக்கவேண்டிய இடம் சுழியோடியின் முதுகல்ல, வள்ளம். கடற்றொழில் செய்யும் வாப்பாவோ சாச்சாவோ காக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவுச் சாப்பாட்டின்போது இந்தப் பகிடிகளைச் சொல்லுங்கள். கடைசி இரண்டையும் மறக்காமற் சொல்லுங்கள்.